படியேறும்போது ஏன் களைக்கிறது?



ஓலைத்தொடுவாய் மணலில் ஓடி வளர்ந்தவர்கள் நாம். மேடில்லாத தீவு. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ரயில் ஏறும்போதுதான், நாற்பதைக் கடந்த நமது கை கைபிடியைத் தேடுகிறது.

முப்பதுகளிலிருந்தே தசை மெல்லக் குறைகிறது. விசையாகச் சுருங்கும் நார்களே அதிகம் மெலிகின்றன. படியேற அவைதான் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒற்றைக் கால் முழு உடலையும் தூக்குகிறது. முழங்காலில் உடல் எடையைப்போல ஏறக்குறைய 3 மடங்கு பாரம் விழுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தசையிழப்பு இன்னும் விரைவாகிறது. அதற்காகப் படியை விட்டுவிட்டால் மிச்சமும் போய்விடும். மாடிவீடு இல்லையா? கதிரை போதும். கை ஊன்றாமல் பத்துத்தரம் எழும்பி இருப்போம், தினமும்.

ஆனால் வயதின் தளர்ச்சி ஆண்டுக்கணக்கில் வருவது. போன மாதம் சுகமாக ஏறிய படியில் இந்த மாதம் மூச்சு முட்டினால், வயதைக் குற்றம் சொல்லாதீர்கள். இரத்தச்சோகையாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். "வயசு போட்டுது பிள்ளை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டு, காலம் கடந்து வந்த அம்மாமாரை வாட்டில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.