மலையிறக்கத்தில் வண்டியைத் தாங்குவது யார்?

(டிராக்டர், லாரி டிரைவர்களும் தோல் பதனிடும் தொழிலாளர்களும் விவசாயக் கூலித் தோழர்களும் ஆம்பூரில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தோல் கம்பெனியும் ஷூ கம்பெனியும் நிறைந்த இந்த ஊரில் மலைப்பாதையைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாம் வாழ்வது பாலாற்றங்கரைச் சமவெளிதான். ஆனால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் ஏலகிரி, ஜவ்வாது மலை. பக்கத்திலேயே நாயக்கனேரி மலை. பேரணாம்பட்டைத் தாண்டினால் வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதை. நம்மைச் சுற்றி எங்கும் மலைதான்.

ஒரு காலத்தில் தோல் பதனிடும் கடுக்காயும் மரப்பட்டையும் மலைகளிலிருந்துதான் இறங்கி வந்தன. இன்று குரோமியம் உப்பு அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக் கொண்டுவிட்டது. ஆனாலும் புளியும் சாமையும் பலாவும் இறங்குவது நிற்கவில்லை. செங்கல்லும் ஜல்லியும் சிமெண்டும் ஏறுவது நிற்கவில்லை. கிருஷ்ணகிரி வழியாகச் சேலத்துக்கும் கொச்சிக்கும் லோடு கொண்டுபோகும் டிரைவர் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் நம் அண்ணன் தம்பிகள். மலைக்கிராமங்களில் டிரெய்லரில் நின்றுகொண்டு கூலி வேலைக்குப் போகிறவர்கள் நம் தாய்மார்கள். ஆகவே இது நம்முடைய விஷயம்.

நாம் சொல்ல வந்தது ஒன்றுதான். இறக்கத்தில் நடக்கிற விபத்தில் பெரும்பகுதி இறக்கத்தில் உண்டாவதில்லை. மலையுச்சியில், வண்டி புறப்படும் முன்பே அது உண்டாகிவிடுகிறது. எத்தனை லோடு, எந்தக் கியர், பிரேக் லைனர் எப்படி, டிரைவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று? இவை தீர்மானமாகும்போதே அந்தப் பிரயாணத்தின் கதியும் தீர்மானமாகிறது.

எடை எங்கே போகிறது?

டிராக்டரும் லோடு ஏற்றிய டிரெய்லரும் சேர்ந்து 7 டன் என்று வைத்துக்கொள்வோம். அது 600 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. மேலே ஏற்றும்போது எஞ்சின் டீசல் எரித்துச் செலவிட்ட சக்தி எங்கும் போய்விடவில்லை. அது அந்த எடைக்குள் இருக்கிறது. இறங்கும்போது வெளியே வருகிறது. பிரேக்கால் மட்டும் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அந்தச் சக்தி ஏறத்தாழ முழுவதும் பிரேக்கில் சூடாக மாற வேண்டும். எவ்வளவு சூடு? சுமார் 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு! அத்தனையும் இரண்டு சக்கரத்துப் பிரேக்கில் ஏறினால் என்ன ஆகும்? லைனர் கருகும். பிடிமானம் வழுவழுத்துப் போகும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். பெடல் பஞ்சுபோல் அடிவரை போய்விடும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று நாம் சொல்வதில் பல இதுதான். பிரேக் திடீரென்று சாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெந்து செத்தது.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கொடியது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவையான சக்தி நான்கு மடங்காகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கிற வண்டி 40-ல் நிற்காமல் போவதன் காரணம் இதுதான்.

நியூட்ரல் என்னும் ஏமாற்று

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சரிவில் பாரவண்டி இறங்கும்போது என்ன நடக்கிறது? நுகத்தடி மாட்டின் கழுத்தை முன்னால் தள்ளுகிறது. மாடு காலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து வண்டியைத் தாங்குகிறது. சரிவின் நடுவில் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பானா எவனாவது? நியூட்ரலில் வண்டியை உருட்டுவது அதே காரியம்தான். எஞ்சின்தான் மாடு. கியர்தான் நுகத்தடி. கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குவதும் மாட்டை அவிழ்ப்பதுதான்.

"டீசல் மிச்சமாகிறதே" என்பார்கள். செங்குத்தான இறக்கத்தில் இது பொய்க்கணக்கு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. டீசல் பம்பு எண்ணெய் விடுவதை நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் தானாக ஓட எண்ணெய் செலவாகிறது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது லாரியில் காற்று பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் நின்றுவிடும். பவர் ஸ்டீரிங் இறுகிவிடும். நாலைந்து தடவை பிரேக்கை மிதித்தால் காற்றும் தீரும்.

ஆனால் டிரைவர் ஏன் நியூட்ரலில் போடுகிறான்? அவன் மடையன் அல்ல. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, குறைந்தால் படியில் பிடிக்கிற முதலாளி இருக்கிறவரை அவன் கை நியூட்ரலுக்குப் போகத்தான் செய்யும். கையைத் திருத்தினால் போதாது. அந்தக் கணக்கையும் திருத்த வேண்டும்.

தள்ளுகிற டிரெய்லர்

மேட்டில் டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது. இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது. நம் பக்கத்து விவசாய டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் பிரேக்கே கிடையாது. டிராக்டருக்கும் வழக்கமாகப் பின்சக்கரங்களில்தான் பிரேக். இந்த இரண்டு சக்கரங்களே மொத்த எடைக்கும் பொறுப்பு. வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வருகிற டிரெய்லர் டிராக்டரின் முதுகை ஓரமாகத் தள்ளித் திருப்பிவிடும். கதவுக் கீல் மடங்குவது போல இரண்டும் மடங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டீரிங்கால் ஆவது ஒன்றுமில்லை.

நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் திறந்த பாதை அது. சில இடங்களில் 12 அடி போனால் ஓரடி ஏறுகிற சரிவு. அங்கே என்ன செய்தார்கள்? தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்தார்கள். எஞ்சினை எப்போதும் கீழ்ப்பக்கத்திலேயே வைத்தார்கள். அதுவும் போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆளை நிறுத்தினார்கள். பின்னால் வருகிற பெட்டி தன் எடையைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை 1899-லேயே அறிந்திருந்தார்கள். சீமான்களும் அதிகாரிகளும் போகிற ரயிலுக்குப் பெட்டிக்குப் பெட்டி பிரேக் வைக்க முடிந்தது. கூலிக்காரன் போகிற டிரெய்லருக்கு இன்றும் முடியவில்லையா?

உச்சியில் நின்று பார்க்க வேண்டியவை

இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஐந்து நிமிஷம் போதும். பார்க்க வேண்டியவை இவை:

ஒன்று: கொக்கியும் ஆணியும். டிரெய்லரை மாட்டிய ஆணி தேய்ந்திருக்கிறதா, அது மேலே எழும்பாமல் பூட்டு இருக்கிறதா? துணைக்கு ஒரு சங்கிலி அவசியம். ஆணிக்குப் பதிலாக இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டு மலையிறங்கலாகாது.

இரண்டு: டிராக்டரின் இரட்டைப் பிரேக் பெடல்கள். உழும்போது தனித்தனியாக மிதிப்பதற்காகப் பிரித்து வைத்திருப்போம். சாலையில் இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும்.

மூன்று: லோடு. கனமானது அடியில் இருக்கட்டும். கயிறு இறுக்கமாக இருக்கட்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் பின்னால் அதிகமானால், அது டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும்; பின்சக்கரம் தரையில் பிடிக்காது; பிரேக் இருந்தும் பயனில்லை.

நான்கு: கியர். ஏறும்போது எந்தக் கியரில் ஏறியதோ அதே கியர், அல்லது அதற்கும் கீழே. இதை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும். பாதி வழியில் வேகம் கூடிய பிறகு கியரை இறக்கப் பார்த்தால் கியர் விழாது, நியூட்ரலிலேயே நின்றுவிடும்.

ஐந்து: சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகள் வண்டியில் இருக்கட்டும். வழியில் கல் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

இறங்கும்போது

எஞ்சின் தாங்கட்டும், பிரேக் உதவிக்கு வரட்டும். பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது நன்றாக அழுத்திக் குறையுங்கள். பிறகு காலை எடுத்து அது ஆறுவதற்கு விடுங்கள். லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகத்தை வளைவுக்கு முன்னே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. டிரெய்லரின் சக்கரம் டிராக்டரின் தடத்தில் வராது; உட்பக்கமாக வெட்டி வரும். அதற்கு இடம் விட்டுத் திருப்புங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியவன் இறங்குகிறவன். இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

கருகிய வாடை வந்தால் பிரேக் பேசுகிறது என்று அர்த்தம். இடம் பார்த்து நிறுத்துங்கள், கட்டை போடுங்கள், ஆறும்வரை காத்திருங்கள். சூடான டிரம்மின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது வெடித்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பிரேக் போய்விட்டால்? கியரை விட்டுவிடாதீர்கள். விளக்கைப் போட்டு ஹாரனை விடாமல் அடியுங்கள். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலையின் பக்கமாக ஒட்டி, மண்மேட்டிலோ புதரிலோ உராய்ந்து நிறுத்தப் பாருங்கள். வண்டி நசுங்கினால் நசுங்கட்டும். வண்டியைத் திரும்ப வாங்கலாம்.

குற்றவாளி யார்?

தொப்பூரில் 2020 டிசம்பரில் ஒரு கோர விபத்து. 4 பேர் மாண்டனர். 2024 ஜனவரியில் மறுபடியும். அப்போதும் 4 பேர். இப்படி விபத்து நடக்கும்போதெல்லாம் முதலில் வருகிற சொல் "டிரைவரின் அஜாக்கிரதை." அந்த டிரைவர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. லைனர் மாற்றக் கேட்டபோது "அடுத்த டிரிப் பார்க்கலாம்" என்றது யார்? அதையும் கேட்பதில்லை. மோட்டார் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற இடத்தில் அந்த எட்டு மணி காகிதத்திலேயே தங்கிவிட்டது.

சட்டத்தில் நமக்குப் பயன்படுகிற ஒரு வரி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 113. அளவுக்கு மீறி எடை ஏற்றிய வண்டியை உரிமையாளர் அல்லாத ஒருவர் ஓட்டினால், அது உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவுப்படியோதான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இதை ஒவ்வொரு டிரைவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதை டிரைவரின் கூலியில் பிடிக்க வருகிறவரிடம் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

லோடோடு லோடாக மனிதர்கள்

கடைசியாக, விவசாயக் கூலித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 2. நம் திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை. சேம்பரை கோயிலுக்குப் போன வேன் மலைப்பாதையில் கவிழ்ந்தது. 11 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்களே அதிகம். நல்ல பாதையும் போதிய பஸ்ஸும் இருக்கிற ஊரில் ஜனங்கள் ஏன் கிடைத்த வண்டியில் நெருக்கி ஏறப்போகிறார்கள்?

டிரெய்லரில் ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சரக்கு வண்டியில் ஏறிவந்த பிரயாணிக்கு நஷ்டஈடு கொடுக்கும் கட்டாயம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதாவது, மூட்டையின்மேல் உட்கார்ந்து வருகிறவர் உயிரையும் பணயம் வைக்கிறார். பிள்ளைகளின் கஞ்சியையும் பணயம் வைக்கிறார். லோடு சாய்ந்தால் முதலில் விழுவது அவர்தான். மட்கார்டின்மேலும் கொக்கிச் சட்டத்தின்மேலும் உட்கார்ந்து வருவது இதைவிட ஆபத்து. இறக்கத்தில் வேறு வழியே இல்லையென்றால் இறங்கி நடந்து வாருங்கள். முழங்கால் வலிக்கும், வலிக்கிற முழங்கால் வீடு வந்து சேரும்.

செய்ய வேண்டியது என்ன?

தனியாக ஒரு டிரைவர் "இந்த லைனரோடு இறங்க மாட்டேன்" என்றால் மறுநாள் அவனுக்கு வண்டி இல்லை. ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சொல்லாகச் சொன்னால் லைனர் வந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஸ்டாண்டிலும் பேசி நான்கு முடிவு எடுங்கள். உச்சியில் நிற்காமல் எந்த வண்டியும் இறங்கக்கூடாது. லோடுக்குமேல் ஆள் ஏற்றக்கூடாது. டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும். டீசல் கணக்கில் கூலி பிடிக்கக்கூடாது. மலைக்கிராமத்துத் தோழர்கள் பஸ் கேட்டும், பள்ளத்தோரத் தடுப்புச் சுவர் கேட்டும் கலெக்டரிடம் மனு எழுதுங்கள். கையெழுத்து வாங்க நாமும் வருகிறோம்.

வண்டியைத் தாங்குவது கியர். டிரைவரைத் தாங்குவது பக்கத்து வண்டி டிரைவர். இரண்டில் எதையும் இறக்கத்தின் நடுவில் தேடக்கூடாது, தோழர்களே. உச்சியிலேயே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.