பெயர் போதாது, அளவும் வேண்டும்

(கோவில்பட்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யாழைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். யாழின் பெருமையைப் பேசுவது எளிது. நானே பன்முறை பேசியிருக்கிறேன். இன்று பெருமை பேச வரவில்லை. நான் செய்த பிழையொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் வந்து, "ஐயா, கித்தாருக்குத் தமிழ்ப்பெயர் என்ன?" என்று கேட்டான். "ஆறு நரம்பு கொண்டது, 'அறுநரம்பி' என்று சொல், தம்பி" என்றேன். மகிழ்ந்தான். அடுத்த நொடியே, "அதை எப்படிச் செய்வது, ஐயா?" என்றான். எனக்கு வாயடைத்தது.

அவன் தந்தையார் மரத்தச்சர். கதவும் நிலையும் கட்டிலும் செய்து வாழ்பவர். மகனுக்குக் கருவி வாங்கித் தரப் பொருளில்லை; செய்து தரக் கையிருந்தது. கருவி செய்வதற்கான அளவுப்படம் ஒன்றை மாணவன் எங்கோ தேடி அச்சிட்டு வைத்திருந்தான். அது ஆங்கிலத்தில் இருந்தது. உளி பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த எழுத்துத் தெரியவில்லை. எழுத்துத் தெரிந்த எனக்கு உளி பிடிக்கத் தெரியவில்லை. "நான் தமிழில் எழுதித் தருகிறேன்" என்று ஒப்புக்கொண்டேன். மூன்று மாலை வேளைகள் அவர் பட்டறையில் அமர்ந்தோம்.

அன்பர்களே, அந்தப் படத்தைக் கண்டு நான் வியந்தேன். கித்தாரின் இன்றைய வடிவை 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர் எசுப்பானிய நாட்டு அந்தோனியோ தெ தோரெசு என்னும் கைவினைஞர். 1817இல் பிறந்து 1892இல் மறைந்தார். அவர் செய்த கருவிகளைப் பின்னோர் அளந்தனர்; வரைந்தனர்; எழுதினர். அதனால் அவர் கை மறைந்தும் கணக்கு மறையவில்லை. நரம்பின் நீளம் 650 மில்லி மீட்டர். மேற்பலகையின் தடிப்பு ஏறத்தாழ இரண்டரை மில்லி மீட்டர். அதன் அடியில் விசிறிபோல் ஒட்டிய மெல்லிய சட்டங்கள். எஃகுக் கம்பி கட்டும் வகையாயின் இழுப்பு மிகுதி. அதனால் சட்டங்களைத் தடிப்பாக்கிக் குறுக்கும் மறுக்குமாக ஒட்ட வேண்டும். இவை யாவும் படத்தில் இருந்தன.

விரல் வைக்கும் மெட்டுகளுக்கும் கணக்கு உண்டு. 650ஐ 17.817ஆல் வகுத்தால் 36.5 வரும், அதுவே முதல் மெட்டின் இடம். எஞ்சிய 613.5ஐ மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் 34.4, அது இரண்டாம் மெட்டுக்குரிய இடைவெளி. இவ்வாறே வகுத்துக்கொண்டு போனால் பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் சரிபாதியில், 325இல் வந்து நிற்கும். நம் தஞ்சை வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்துச் செவியாலேயே இடம் காண்பர். அது பெருந்திறம், ஐயமில்லை. ஆனால் அச்செவியை மற்றொருவருக்கு எழுதித் தர இயலாது. எண்ணை எழுதித் தரலாம்.

சொற்களுக்கு நான் அகராதி தேடினேன். தச்சரோ தேடவில்லை. மரத்தின் உட்பகுதி 'வைரம்' என்றார். புறப்பகுதி 'வெளிறு' என்றார். நரம்பைத் தாங்கும் கட்டை 'குதிரை'. அது வீணையில் உள்ளதே என்றார். நான் புதிதாய்ப் படைத்த சொற்களில் பாதியை அன்றே அடித்துவிட்டேன். பட்டறையில் உயிரோடிருக்கும் தமிழ் என் குறிப்பேட்டிலுள்ள தமிழினும் நல்ல தமிழ்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். விலாப்பலகையின் தடிப்பு 2 மில்லி மீட்டர் என்று படத்தில் இருந்தது. அளவும் நம் அளவாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். தச்சர் வழக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு 'ஒரு நூல்' அன்றோ? 'ஒரு நூல் தடிப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என் எழுத்தை நம்பினார். பூவரசம் பலகையை ஒரு நூலுக்கு இழைத்து, நீரில் ஊறவைத்து, காய்ச்சிய இரும்புக் குழாயில் வைத்து வளைத்தார். இடுப்பு வளைவில் படீரென்று முறிந்தது. மற்றொன்றும் முறிந்தது.

ஒரு நூல் என்பது 3 மில்லி மீட்டருக்கும் சற்று மிகுதி. தடிப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடினால் பலகையின் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஏனெனில் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கமாய் ஏறுவது. இதைப் பின்னர்தான் அறிந்தேன். தச்சர் சினக்கவில்லை. "ஐயா, சொல்லை மாற்றலாம், அளவை மாற்றலாமா?" என்று மட்டும் கேட்டார். முறிந்தது அவருடைய பலகை; அவருடைய இரண்டு நாள் உழைப்பு.

அன்றிரவு நான் பத்துப்பாட்டையும் சிந்தாமணியையும் எடுத்துப் புரட்டினேன். பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகள் உள்ளன: பத்தர், போர்வை, ஆணி, கோடு, திவவு, நரம்பு. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து மரல்நாரைக் கட்டி வில்யாழ் செய்கிறான். சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைமண்டபத்தில் சீவகன் யாழ்களை ஒவ்வொன்றாய் ஒதுக்குகிறான். நீரில் நின்று அழுகிய மரம், வெந்த மரம், இடிவீழ்ந்த மரம் என்று மரத்தின் குற்றம் சொல்லி ஒதுக்குகிறான். நரம்பில் மயிர் கலந்ததையும் காட்டுகிறான். மரத்தை இவ்வளவு நுணுகி அறிந்த இனம் வேறு ஏது என்று நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பத்தரின் நீளம் எத்தனை விரல்? போர்வைத் தோலின் தடிப்பு எவ்வளவு? பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று உரை கூறுகிறது. ஒவ்வொரு நரம்பின் நீளம் என்ன? நம் கையில் உள்ள நூல்களில் செய்வோனுக்குப் போதிய அளவு இல்லை. பாடினோர் எழுதினர், செய்தோர் எழுதவில்லை, செய்தோரை எவரும் கேட்கவில்லை. பாணர் மரபு அற்றபோது கருவியும் அற்றது.

அந்த இழப்பை ஈடுசெய்யவே, ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தார். அவர் கணக்கியல் கற்றவர். ஆதலால் இசைநரம்புகளை எண்ணால் ஆய்ந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ்நூல் 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஒரு தச்சர் ஒரே ஓலையில் அளவை எழுதி வைத்திருந்தால் ஒரு பேரறிஞரின் வாழ்நாளில் எத்தனை ஆண்டு மிஞ்சியிருக்கும்! நம் நாளில் சென்னையில் கித்தார் செய்யும் தருண் சேகர் என்னும் இளைஞர் யாழும் செய்து, 2021இல் அதன் இசையோடு ஒரு பாடலை வெளியிட்டார். கித்தார் செய்த கை யாழுக்குத் திரும்பியது. அயல்நாட்டுக் கருவியின் அளவைக் கற்பது இழுக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மேலைநாட்டார் உயர்ந்த கித்தார்களின் முதுகுக்கும் விலாவுக்கும் விரும்பித் தேடும் மரங்களுள் ஒன்று நம் மேற்குமலையின் தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்வோம். மரம் நம்முடையது, அளவுப்படம் அவர்களுடையது. மரத்தைக் கொடுத்தவன் கூலி பெற்றான். அளவை எழுதியவன் பெயர் பெற்றான்.

நம் கரிசலுக்கு வருவோம். இங்கே கொடை விழாக்களில் வில்லிசை கேளாத ஊர் உண்டா? பனை வைரத்தில் செய்த வில், தோல் நாண், மணிகள், குடம், உடுக்கை. வில்லின் நீளம் என்ன, நடுவில் எவ்வளவு தடிப்பு, நுனியில் எவ்வளவு, எத்தனை அகவையுள்ள பனையை வெட்ட வேண்டும், எத்தனை மாதம் உலர்த்த வேண்டும்? இவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் குறிப்பேட்டோடு போங்கள். அளவுகோலையும் கொண்டு போங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாதீர்கள். அவர்கள் காட்டும் அளவையும் மாற்றாதீர்கள். கருவிக்குப் பெயர் சூட்டுவது பணியின் தொடக்கம். இன்னொருவன் அதைச் செய்யுமாறு எழுதி வைப்பதே பணியின் நிறைவு.

முறிந்த பலகைக்கு ஈடாக நான் வேறு பலகை வாங்கிக் கொடுத்தேன். இம்முறை '2 மில்லி மீட்டர்' என்றே எழுதினேன். விலா வளைந்து நின்றது. மேற்பலகைக்கு வேண்டிய ஊசியிலை மரம் கரிசலில் ஏது? தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்குப் பெட்டியின் பைன் பலகையை இழைத்துக்கொண்டார். ஆறு நரம்பும் பூட்டி மாணவன் மீட்டினான். ஒலி சற்றே மங்கல்தான். ஆனால் மெட்டுகள் பிழைக்கவில்லை. தந்தையார் தம் செவியைப் பலகையில் வைத்துக் கேட்டார். பிறகு அந்தத் தமிழ்க் குறிப்பை மடித்துப் பட்டறைப் பெட்டியில் வைத்துவிட்டு, "அடுத்து வில்லுக்கு ஒன்று எழுதுவோம், ஐயா, அளவு நான் சொல்கிறேன்" என்றார்.

எழுதத் தொடங்கியிருக்கிறோம். நீங்களும் தொடங்குக.