கையால் கற்பவன் என்று ஒரு புது ஜாதியா?

(போடிநாயக்கனூரில் தொழிற்கல்வி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகள் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் விதத்தைப்பற்றிப் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கடவுளையும் ஜாதகத்தையும் பற்றிப் பேசித் திரிகிறவனுக்கு இங்கிலீஷ் பாடத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் காலேஜில் படித்தவனல்ல. எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் அகராதியையும் பத்திரிகையையும் கையில் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிச் சேர்த்துக்கொண்டதுதான். ஆனாலும், பிறந்த நட்சத்திரத்தைப் பார்த்து "இவனுக்கு இதுதான் விதி" என்று சொல்லுகிறவனிடம் ருஜு கேட்பது எங்கள் வேலை. அப்படியிருக்க, ஒரு கேள்வித்தாளைப் பார்த்து "இவனுக்கு இப்படித்தான் படிப்பு வரும்" என்று சொல்லுகிறவனிடத்தில் மட்டும் ருஜு கேட்காமல் விட்டுவிடுவது என்ன நியாயம்? ஆகவேதான் இங்கு வந்தேன்.

என்ன சொல்லுகிறார்கள்?

கல்வி உலகத்தில் இப்போது ஒரு அபிப்பிராயம் பரவியிருக்கிறது. மாணவர்களில் கண்ணால் கற்பவர் ஒரு வகை, காதால் கற்பவர் ஒரு வகை, கையாலும் உடம்பாலும் செய்து கற்பவர் ஒரு வகையாம். ஒருவன் எந்த வகையைச் சேர்ந்தவன் என்று முதலில் கண்டுபிடித்து அந்த வழியிலேயே பாடம் சொன்னால்தான் அவனுக்குப் படிப்பு ஏறுமாம். இதற்கென்று கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 1987ம் வருஷத்தில் ஜாய் ரீட் என்ற அம்மையார், அமெரிக்காவில் இங்கிலீஷ் படிக்க வந்த அந்நிய நாட்டு மாணவர்கள் உள்பட 1,388 பேரை விசாரித்தார். அந்நிய நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் கையால் தொட்டும் உடம்பை அசைத்தும் கற்பதே தங்களுக்குப் பிடிக்கும் என்று பதில் எழுதினார்கள். அதே காலத்தில் நியூஜிலாந்தில் நீல் பிளெமிங் என்பவரும் இம்மாதிரி ஒரு கேள்வித்தாளை உண்டாக்கினார். அது உலகமெல்லாம் பரவிற்று. பிறகு தொழிற்பள்ளி மாணவர்களிடத்திலும் பல நாடுகளில் இந்த விசாரணை நடந்து வருகிறது.

பிடித்தம் என்பது பொய்யல்ல, தோழர்களே! ஒருவனுக்குப் படம் பார்க்கப் பிடிக்கிறது. இன்னொருவனுக்குக் கதை கேட்கப் பிடிக்கிறது. அதை யார் மறுப்பது? ஆனால் பிடித்தது வேறு, பலன் தருவது வேறு. குழந்தைக்கு மிட்டாய் பிடிக்கும் என்பதற்காக மிட்டாய்தான் அதன் ஆகாரம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் அதிகமாகக் கற்கிறார்களா?

ருஜு எங்கே?

இதைச் சோதிப்பது கஷ்டமான காரியமல்ல. கண் வகை என்கிறவர்களில் பாதிப்பேருக்கு எழுத்தாகவும் பாதிப்பேருக்குச் சொல்லாகவும் பாடம் கொடுக்கவேண்டும். காது வகை என்கிறவர்களுக்கும் அப்படியே செய்யவேண்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைத்து, தன் வகைப்படி கற்றவன் ஜெயித்தானா என்று பார்க்கவேண்டும்.

2008ம் வருஷத்தில் ஹரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள், அதுவரை வெளிவந்தவைகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, இந்தக் கொள்கைக்குப் போதுமான ருஜு இல்லையென்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முன் 2004ல் இங்கிலாந்தில் காபீல்ட் முதலியவர்கள் கணக்கெடுத்தபோது இம்மாதிரி வகைப்பாடுகள் 71 இருந்தன. 71 பேர் 71 விதமாகப் பிரித்தால், எந்தப் பிரிவு இயற்கை, எந்தப் பிரிவு மனிதன் இட்டுக்கட்டியது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2015ல் அமெரிக்காவில் காதால் கேட்பதே பிடிக்கும் என்றவர்களையும் கண்ணால் படிப்பதே பிடிக்கும் என்றவர்களையும் கொண்டு ஒரு புத்தகத்தின் பகுதியைச் சிலரைக் கேட்கவும் சிலரைப் படிக்கவும் செய்து பரீட்சித்தார்கள். பிடித்த வழி கிடைத்தவனுக்கு அதனால் எந்த லாபமும் காணப்படவில்லை.

அப்படியிருந்தும் உபாத்தியாயர்கள் இதை நம்புகிறார்கள். 2012ல் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் விசாரித்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் இதை உண்மையென்றே நினைத்திருந்தார்கள். படித்தவன் நம்புவதெல்லாம் பகுத்தறிவாகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஏன் நம்புகிறார்கள்? ஜாதகத்தை ஏன் நம்புகிறார்களோ அதே காரணந்தான். 1948ல் பெர்ட்ராம் போரர் என்ற அமெரிக்க உபாத்தியாயர் தம்முடைய 39 மாணவர்களுக்கு ஒரு குண பரீட்சை வைத்தார். சில நாள் கழித்து "இது உன் குணம்" என்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். மாணவர்கள் ஐந்துக்கு நாலு மார்க்குக்குமேல் போட்டு "என் குணம் இதேதான்" என்று வியந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே சீட்டு என்று! அதிலுள்ள வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. யாருக்கும் பொருந்தும்படி சொன்னால், ஒவ்வொருவனும் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளுகிறான். "நீ செய்து பார்த்துக் கற்பவன்" என்று சொன்னால் இந்தக் கூட்டத்தில் யார்தான் இல்லையென்பான்?

இதில் உள்ள ஆபத்து

"தவறாகவே இருக்கட்டும், இதனால் என்ன கெடுதி?" என்று கேட்கலாம். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அதிகக் கெடுதி இல்லை. அவனை எந்த வகையில் போட்டாலும் அவனுக்கு வீட்டில் புத்தகம் இருக்கும், தனி வாத்தியார் இருப்பார். தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளையின் சங்கதி வேறு. "இவன் கையால் கற்பவன், இவனுக்கு இங்கிலீஷ் வாசகமும் எழுத்தும் வராது, ரம்பத்தையும் ராவுகிற அரத்தையும் கொடு, போதும்" என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது. சொல்லுகிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்கவேண்டிய அவசியமில்லை. பலன் ஒன்றுதான்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? தலையால் பிழைக்கிறவன், கையால் பிழைக்கிறவன் என்று பிறப்பிலேயே பிரித்து, கைக்காரனுக்கு எழுத்துக் கூடாதென்று சொன்ன தேசம் இது. 1953ல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார்கள். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954ல் காமராஜர் மந்திரிசபை அதைக் கைவிட்டது. அன்று ஜாதியின் பேரால் சொன்னதை இன்று மனோதத்துவத்தின் பேரால் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளலாமா?

உங்கள் ஊர்க் காரியத்தையே பாருங்கள். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று தரம் பிரிக்கிறீர்கள். அது சரி, ஸ்டோரில் உலர்ந்த காய் இனிமேல் பருக்கப்போவதில்லை. 16 வயதுப் பையன் உலர்ந்த காயா? அவன் வளருகிறவனல்லவா?

தொழிலாளிக்கு இங்கிலீஷ் எழுத்து எதற்கு என்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். வேலை நடக்கும் இடத்தில் மின்சாரப் பலகையில் "டு நாட் ஸ்விட்ச் ஆன்" என்று இங்கிலீஷில் ஒரு அட்டை தொங்குகிறது. தமிழில் "போடாதே" என்று மறுப்பு வார்த்தை முடிவில் வரும். இங்கிலீஷிலோ "நாட்" என்ற மறுப்பு முன்னாலேயே வந்துவிடும். கடைசி இரண்டு சொல்லை மட்டும் தெரிந்தவன் அதைப் "போடு" என்றல்லவா படிப்பான்? கம்பியில் கை வைத்திருக்கும் தோழனுடைய உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதைக் கையால் தடவிப் பார்த்துக் கற்க முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போடும் ஒப்பந்தக் காகிதமும் அப்படியே.

வழி எது?

வழியைத் தீர்மானிக்கவேண்டியது பையனுடைய வகையல்ல, கற்கவேண்டிய பொருள். "ரெஞ்ச்" என்று தினமும் சொல்லுகிறீர்கள். அந்தச் சொல் இங்கிலீஷில் "டபிள்யூ" எழுத்தில் ஆரம்பிக்கிறது. பிட்டர் வேலையில் "நர்லிங்" என்கிறீர்கள். அது "கே" எழுத்தில் ஆரம்பிக்கிறது. காது எவ்வளவு கூர்மையானாலும் இது தெரியாது, கண்ணால்தான் தெரியும். பிளக்கிலுள்ள "பின்"னையும் குப்பை போடும் "பின்"னையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். இங்கிலீஷில் வேறு எழுத்து, வேறு ஒலி. இது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. காதால் கேட்டு வாயால் சொன்னால்தான் வரும். ஆகையால் கண், காது, வாய், கை நாலும் எல்லோருக்கும் வேண்டும். கண் தெரியாதவருக்குத் தடவிப் படிக்கும் எழுத்தும் காது கேளாதவருக்குச் சைகையும் வேண்டும் என்பது வேறு விஷயம். அது அவசியம், வகையல்ல.

பிள்ளைகளுக்குள் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒருவனுக்குச் சின்ன வகுப்பிலிருந்து இங்கிலீஷ் பேசும் வாத்தியார் கிடைத்தார், இன்னொருவனுக்குக் கிடைக்கவில்லை. ஒருவன் தப்பாகப் பேசினால் திருத்தினார்கள். இன்னொருவன் வாய் திறந்தால் சிரித்தார்கள். நிஜமான வித்தியாசம் இதுதான். இது மூளையில் பிறந்ததல்ல, நாம் உண்டாக்கியது. நாம் உண்டாக்கியதை நாமே மாற்றலாம்.

இதற்கும் நம்மிடத்திலேயே சாட்சி உண்டு. விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலக்காய் எடுக்கப் போகும் தாய்மார்கள் மலையாளம் பேசுகிறார்களே, எந்தப் பள்ளியில் படித்தார்கள்? எந்தக் கேள்வித்தாளில் பதில் எழுதினார்கள்? தினமும் கேட்டார்கள், தேவையிருந்தது, தப்பாகப் பேசக் கூச்சப்படவில்லை, வந்துவிட்டது. ஆனால் அவர்களில் பலருக்கு மலையாளத்தில் எழுதிய பஸ் பலகையைப் படிக்கத் தெரியாது. ஏன்? அவர்கள் காதுவகை என்பதாலா? எழுத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, வாலிபர்களே! நீங்கள் வெறுங்கையோடு ஆரம்பிக்கவில்லை. ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஆக்ஸா பிளேடு, ஹோல்டர், டெஸ்டர், எர்த், லோடு என்று எத்தனையோ இங்கிலீஷ் சொற்கள் உங்கள் வாயில் இருக்கின்றன. அவைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வைத்து ஒரு சிறு வாக்கியம் செய்யுங்கள். இருவர் சேர்ந்து, ஒருவர் இங்கிலீஷில் கேட்க மற்றவர் அந்தச் சாமானை எடுத்துக் கொடுங்கள். பிறகு மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியமானது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்ப்பது நிலைக்கிறது. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். நாலு தடவையும் படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து நூற்றுக்கு 40 பங்கு ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை தங்களையே பரீட்சித்துக்கொண்டவர்கள் 61 பங்கு ஞாபகம் வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தியிருந்தார்கள். உடனே சுகமாகத் தோன்றுவது கடைசிவரை உதவுவதில்லை. பிடித்தமே வழிகாட்டி என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பிடித்தத்தைக் கேளுங்கள். பாடத்தை ருசியாக்க அது உதவும். ஆனால் அதை அவர்கள் நெற்றியில் எழுதிவிடாதீர்கள். தலையெழுத்தை அழிக்கவே நாம் பாடுபடுகிறோம். புது எழுத்து நமக்கு வேண்டாம். பெற்றோர்களே! உங்கள் மகனையோ மகளையோ பார்த்து "இதற்குக் கைவேலைதான் வரும்" என்று யாராவது சொன்னால், "எதைக்கொண்டு சொல்லுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பட்டப்படிப்பு வேண்டாம். மானம் இருந்தால் போதும்.

கடைசியாக, நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடவேண்டாம். இருபது சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பார்த்துப் பார்த்துப் படியுங்கள். பத்தைப் புத்தகத்தை மூடிச் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் எது எத்தனை நிற்கிறதென்று எண்ணுங்கள். உங்கள் கணக்கு எதைச் சொல்லுகிறதோ அதன்படி நடவுங்கள்.