கொசுத்தேன் பெட்டிக்குக் கடன் வாங்கலாமா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன காலாண்டுக் கூட்டத்தில் மூன்று குழுக்கள் ஒரே தீர்மானத்தோடு வந்தீர்கள். கொசுத்தேன் பெட்டி வாங்க உள்கடன் வேண்டும் என்று கேட்டீர்கள். ஒரு வியாபாரி ஊருக்கு வந்து, "ஆளுக்குப் பத்துப் பெட்டி வாங்குங்க, தேன் முழுசையும் நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லணும்னா, அன்றைக்கு நாங்களும் தலையாட்டினோம். நல்ல தொழில்தானே, வீட்டு வாசலிலேயே வருமானம் என்று நினைத்தோம். அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம், வளர்க்கிறவர்களிடம் போய்க் கேட்டோம். நாங்கள் தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொசுத்தேனீ என்பது எது?

நீங்க எல்லோரும் பாத்திருப்பீங்க. பழைய மண்சுவர் ஓட்டை, மரப்பொந்து, மூங்கில், கரண்ட் மீட்டர் பெட்டி, இங்கெல்லாம் பிசினால் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அதன் வாசல். பூச்சி 3 முதல் 4 மில்லிமீட்டர்தான், கொசு அளவு. இதற்குக் கொடுக்கு இருந்தும் இல்லாத மாதிரி. மங்கிப் போய்விட்டது, கொட்ட முடியாது. தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். அதனால் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டிலும் பயமில்லாமல் வளர்க்கலாம்.

உலகில் வெப்பமான நாடுகளில் 500-க்கும் மேற்பட்ட கொடுக்கில்லாத் தேனீ வகைகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் பரவலாக இருப்பதற்கு டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ் என்று பெயர். இலங்கையில் கிடைத்த பூச்சியை வைத்து 1854-ல் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதை முதலில் விவரித்து எழுதினார். மெக்சிகோ நாட்டு மாயா மக்கள் அவர்கள் ஊர்க் கொடுக்கில்லாத் தேனீயைப் பல நூற்றாண்டுகளாக மரத்துண்டுக்குள் வளர்த்து வருகிறார்கள். ஆக, இது நேற்று வந்த தொழில் இல்லை.

கூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கை வைக்கக் கூடாது. அடுக்குத் தேனீக்கு மெழுகு அடை இருக்கும். கொசுத்தேனீக்கு அடை கிடையாது. மெழுகும் பிசினும் கலந்து சின்னச் சின்னக் குடங்கள் செய்கிறது. தேனுக்குத் தனிக்குடம், மகரந்தத்துக்குத் தனிக்குடம். நடுவில் திராட்சைக் கொத்து மாதிரி இருப்பது முட்டை அறைகள். வேலைக்காரத் தேனீ ஒவ்வொரு அறையிலும் முழுச் சாப்பாட்டையும் முதலிலேயே நிரப்பி வைக்கும். ராணி வந்து முட்டையிடும். உடனே மூடிவிடுவார்கள். பிள்ளை வளர்ந்து தேனீயாகி வெளியே வரும்வரை அந்த அறையைத் திறப்பதில்லை. நடுவில் நாம் உடைத்தால் அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஊட்ட ஆள் கிடையாது.

முட்டையிடும் ராணியின் வயிறு பெருத்திருக்கும், அதனால் பறக்க முடியாது. கூடு உடைந்தால் தப்பித்து வேறு இடம் போக அதற்கு வழியில்லை.

நாங்கள் செய்த தவறு

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினர் அக்கா வீட்டுத் திண்ணைச் சுவரில் பல வருடமாக ஒரு கூடு இருந்தது. அவங்க மாமியார் காலத்திலிருந்தே இருந்ததாம். "இதைப் பெட்டிக்கு மாத்தித் தர்றோம்" என்று நாங்கள்தான் முன்வந்தோம். சரியாகப் பழகாமல் உளியை எடுத்தோம். சுவரைப் பெயர்க்கும்போது தேன்குடங்கள் உடைந்து முட்டைக்கொத்து மேலே வழிந்துவிட்டது. அப்படியே அள்ளிப் பெட்டியில் வைத்தோம். ராணியைத் தேடவே இல்லை. மறுநாள் காலையில் பெட்டி முழுக்க எறும்பு. மூன்றாம் நாள் ஒரு தேனீகூட இல்லை.

அந்த அக்கா எங்களைத் திட்டவே இல்லை. "சரி விடுங்க, போனது போச்சு" என்றார்கள். அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. வேலை தெரியாத ஒரு நாளில் பல வருடக் குடும்பம் அழிந்துபோனது.

சுவரை இடிக்காமலும் வழி இருக்கிறது. கூட்டு வாசலில் ஒரு குழாயைப் பொருத்தி, அதைப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியின் மறுபக்கம் வாசல் வைப்பார்கள். தேனீக்கள் பெட்டி வழியாகவே போய் வரும். மெல்ல மெல்ல உள்ளே குடம் கட்டத் தொடங்கும். பல மாதம் ஆகும். சில இடத்தில் நடக்கும், சில இடத்தில் நடக்காது. பொறுமைதான் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

வியாபாரி சொல்லாத கணக்கு இது. ஒரு கொசுத்தேன் பெட்டியில் வருடத்துக்கு 200 முதல் 600 கிராம் வரைதான் தேன் எதிர்பார்க்கலாம். அதுவும் பூ நன்றாக இருந்தால். பத்துப் பெட்டி வைத்தால் 2 கிலோ முதல் 6 கிலோ. விலை சாதாரணத் தேனைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் தேன் எடுப்பது வருடத்துக்கு ஒரு தடவை. கடன் தவணை மாதா மாதம். நடுவில் பதினோரு மாதத் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? கூலி வேலைக் காசிலிருந்துதானே? வாங்கிய பெட்டி முதல் வருடமே தேன் தரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. குடும்பம் பெருகி நிலைக்கவே நாள் ஆகும்.

"தேனை நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொன்னவரிடம், "என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு, எழுதித் தருவீங்களா?" என்று நாங்கள் கேட்டோம். அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவர் இதுவரை வரவில்லை. நீங்களே யோசிச்சுப் பாருங்க. அவருக்கு லாபம் தேனிலா, பெட்டியிலா?

இன்னொன்று. 1991, 1992-ல் ஒரு வைரஸ் நோய் வந்து கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் அடுக்குத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவை அழிந்துபோயின. அதையே நம்பியிருந்த குடும்பங்கள் தவித்துப் போயின. எந்த உயிரையும் வளர்க்கும் தொழிலில் இந்த ஆபத்து உண்டு. முழுக் கடனையும் ஒரே பூச்சி மேல் வைக்கக் கூடாது.

தேனைப் பற்றிச் சில உண்மைகள்

கொசுத்தேனில் நீர்ச்சத்து அதிகம், கொஞ்சம் புளிக்கும். அது கலப்படம் இல்லை, அதன் குணமே அப்படித்தான். மலேசியாவில் கொடுக்கில்லாத் தேனீயின் தேனுக்கு 2017-ல் தனித் தரமே வகுத்தார்கள். கூட்டை மொத்தமாகப் பிழிந்தால் மகரந்தமும் புழுவும் சேர்ந்து சீக்கிரம் பொங்கிக் கெட்டுவிடும். தேன்குடங்களை மட்டும் தனியாக எடுத்து, துளையிட்டு, தானாக வடிய விட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் வைக்க வேண்டும். தேனீக்குச் சாப்பிடக் கொஞ்சம் குடங்களைக் கண்டிப்பாக விட்டுவைக்க வேண்டும்.

2020-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொடுக்கில்லாத் தேனீயின் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை இருப்பதைக் கண்டார்கள். அது ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். இதைக் கேட்டதும் "சுகருக்கு மருந்து" என்று லேபிள் அடிக்கத் தோன்றும். செய்யாதீங்க. அவர்கள் சோதித்தது மலேசியா, ஆஸ்திரேலியா, பிரேசில் நாட்டுத் தேன். நம் ஊர்த் தேனை இல்லை. சுகர் உள்ளவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் பழி நம் மேல்தான். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

முக்கியமான ஒன்று. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கக் கொசுத்தேனைத் தேடி வாங்குகிறோம். ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனையும் குழந்தை நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளரச் செய்து மூச்சையே நிறுத்திவிடலாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். பெரியவர்கள் மனம் வருந்தினால், சேனைக்குப் பதிலாக நெற்றியில் தொட்டு ஆசீர்வாதம் செய்யச் சொல்லுங்கள். அதேபோல் கண்ணில் தேன் விடும் பழக்கமும் வேண்டாம். கண் வலி என்றால் கண் மருத்துவரிடம் போங்கள்.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தென்னை, முருங்கை, வெள்ளரி, பாகல் எல்லாவற்றுக்கும் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகிற பூச்சி இது. அதிக தூரம் போகாது, அரை கிலோமீட்டருக்குள்தான் சுற்றும். ஆகவே அது கொடுக்கிற காய்ப்பு நம் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும்தான். நாம் அடிக்கிற மருந்தும் அதே வட்டத்துக்குள்தான் அதைக் கொல்லும். பூத்திருக்கும் நேரத்தில் மருந்தடிப்பதைத் தவிருங்கள். முடியாவிட்டால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, மாலையில் அடியுங்கள்.

எங்கள் யோசனை இதுதான். கடன் வேண்டாம். யார் வீட்டுச் சுவரில், மரத்தில் ஏற்கெனவே கூடு இருக்கிறதோ, அந்தப் பெயர்களை முதலில் எழுதுவோம். அதை யாரும் உடைக்க வேண்டாம். குழுவுக்கு இரண்டு பேர் முறையான பயிற்சிக்குப் போகட்டும். திரும்பி வந்து ஆளுக்கு இரண்டு பெட்டி மட்டும் வைத்துப் பார்க்கட்டும். பெட்டி நிற்கும் பலகையின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. ஒரு வருடக் கணக்கை நோட்டில் எழுதி, எவ்வளவு தேன், எவ்வளவு செலவு, எத்தனை குடும்பம் பிழைத்தது என்று இதே கூட்டத்தில் வாசிப்போம். அதன் பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம்.

கூட்டை இழந்த அந்த அக்கா முதல் ஆளாகப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "இந்தத் தடவை உளியை என் கையில கொடுங்க" என்றார்கள். கொடுக்கிறோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

 உங்கள் குழுவின் கருத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.