அலமாரிக் கதவு
(ஒரத்தநாட்டில் மாணவரிடையே ஆற்றிய உரை)



முத்தம்பாள்புரம் என்று முன்னாளில் அழைக்கப்பட்ட ஊர் இது. சரபோசி மன்னர் கட்டிய சத்திரம் இங்கேதான் இருக்கிறது. சோறிட்டது, கல்வியும் தந்தது அந்தச் சத்திரம். ஆயினும், பின்னாளில் அதன் மாணவர் விடுதியிலே இலைபோட்டு அமர ஒரு வகுப்பாருக்கே இடம் என்றிருந்தது. ஜில்லா போர்டுத் தலைவராக வந்த ஏ. டி. பன்னீர்செல்வம் அந்தக் கதவை ஏனையோருக்கும் திறந்துவிட்டார். நடந்தது 1920-களில்.

கதவு திறந்தது, நுழைந்தோம். இன்று இதே ஊரில் மகளிர் கலைக் கல்லூரி உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. நாற்று நட்ட கூலியை முடிந்துவைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய் உண்டு. ஆனால் கல்லூரி என்னும் கட்டடத்துக்குள்ளே இன்னுமொரு கதவு இருக்கிறது. அலுவலக அலமாரியின் கதவு! அதனுள்ளே அந்தப் பெண்ணின் விடைத்தாள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன.

அவள் சென்று கேட்கிறாள்: "ஐயா, ஒரு பாடத்தில் தவறிவிட்டேன். எங்கே பிழை என்று என் விடைத்தாளைப் பார்க்கலாமா?"

"அது இரகசியம்!" என்று பதில் வருகிறது.

யாருக்கு இரகசியம்? எழுதியவளுக்கே இரகசியமா? அடுத்த வாரம் அதே அலுவலகம் என்ன செய்கிறது? உதவித்தொகை பெறுவோர் பட்டியலைச் சாதிப் பிரிவோடு தட்டச்சு செய்து, ஊரெல்லாம் காண அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கிறது! காட்டவேண்டியதைப் பூட்டுகிறார்கள், தோழர்களே, பூட்டவேண்டியதை ஒட்டுகிறார்கள். எல்லாக் கல்லூரிகளும் இப்படி என்று நான் கூறவில்லை. ஒன்றிரண்டு போதாதா, உள்ளம் குன்றிப்போக?

2011 ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: திருத்தப்பட்ட விடைத்தாள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 'தகவல்', எழுதியவர் அதைப் பார்க்கலாம், படியும் பெறலாம். திருத்தியவர் பெயரை மட்டும் தரமாட்டார்கள். அது நியாயமே, ஆசிரியரைத் தெருவில் மறிப்பதா நமது நோக்கம்? இத்தகைய உரிமைக்கு இந்தியாவில் முதன்முதல் சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். ஓட்டைகள் மிகுந்த சட்டந்தான். எனினும் முதற் சட்டம். 2005-ல் வந்த மத்தியச் சட்டமே இன்று நம் கைக்கருவி.

சான்றிதழோ? கட்டணப் பாக்கி என்று அதைப் பிடித்துவைக்கும் தனியார் கல்லூரிகள் உள. வட்டிக்கடையிலே குண்டுமணித் தங்கம் அடகு வைத்தாற்போல! சான்றிதழ் சந்தைச் சரக்கன்று, கடனுக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உரைத்திருக்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018-ல் அறிவித்தது.

பூட்டவேண்டியது எது என்பீர்கள். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளி வருகைப் பதிவேட்டிலே சாதி தெரியலாகாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. பள்ளிப் பிள்ளைக்கு உள்ள மானம் கல்லூரிப் பிள்ளைக்கு இல்லையா? அமெரிக்க நாட்டில் 1974-லேயே இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தார்கள்: மாணவர் தம் ஏட்டைப் பார்க்கலாம், பிறருக்கு அதைக் காட்ட மாணவரின் இசைவு வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். படிப்பகத்திலே மாணவர் வந்து கேட்டால் மனு எழுதிக் கொடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பவேண்டும். 30 நாளில் பதில் தரவேண்டியது சட்டம். வராவிடில் மேல்முறையீடு, அதுவும் பயனற்றால் மாநிலத் தகவல் ஆணையம். ஒன்றை மறவாதீர்: விடைத்தாளைக் குறிப்பிட்ட காலமே வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். எனவே தேர்வு முடிவு வந்த வாரமே மனு போகட்டும்.