எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காப்பது எது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி நெருங்கினால் சங்கத்துக்கு ஒரு புகார் தவறாமல் வந்துவிடும். "மழை பெய்தாலே மெயின் ட்ரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். போர்டில் இருக்கிற அந்தப் பெரிய சுவிட்சை பைபாஸ் பண்ணிவிட்டால் தொல்லை இருக்காது என்கிறார். பண்ணிவிடலாமா?"

கூடாது. ஆனால் ஏன் கூடாது என்று தெரியாவிட்டால், இரவு பதினோரு மணிக்கு ஃபேன் நின்று குழந்தை அழும்போது இந்தப் பதில் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

உங்கள் வீட்டு போர்டைத் திறந்து பாருங்கள். வரிசையாக இருக்கும் ஒல்லியான சுவிட்சுகள் எம்.சி.பி. அவற்றுக்கு முன்னால், இரண்டு மடங்கு அகலத்தில், 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு ஒன்று இருந்தால், அதுதான் ஆர்.சி.சி.பி. பழைய வீடுகளில் அது இல்லாமலே இருக்கலாம்.

இரண்டும் ட்ரிப் ஆகும் என்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக நினைக்கிறோம். எம்.சி.பி. வயருக்குக் காவல். அளவுக்கு மேல் கரன்ட் போய் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். பிளக் பாயின்ட்டில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அதாவது 16,000 மில்லிஆம்பியர் வரை அது அசையாது. மனித உடலில் 30 மில்லிஆம்பியருக்கு மேல் சில விநாடிகள் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. ஈரக் கையும் வெறுங்காலுமாக இருப்பவரின் உடலின் மின்தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர் ஓடும். எம்.சி.பி.க்கு அது ஒரு பல்பு எரிகிற மாதிரி. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு கணக்கு. ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா? 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அது சுவர் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். செய்தித்தாள்கள் எந்தத் தீ விபத்தானாலும் 'மின்கசிவு காரணம்' என்று எழுதிவிடுகின்றன. அவற்றில் பல ஷார்ட் சர்க்யூட்டோ ஓவர்லோடோதான். நிஜமான கசிவு என்பது இப்படி மண்ணுக்கு ஓடுகிற கரன்ட்.

"எங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளுக்கு ஈ.பி. தருவது பொதுவாக ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் நாமே குழி தோண்டிப் போட்டுக்கொள்வது. நம் பகுதியின் மண் இதில் ரொம்ப முக்கியம். கடற்கரை ஓரத்தில் மேலே இருப்பது காய்ந்த மணல். காய்ந்த மணலில் கரன்ட் எளிதில் ஓடாது. கீழே உப்புநீர் ஈரம் இருக்கிறது, ஆனால் எர்த் பைப் அதுவரை இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் அதே உப்பு ஜி.ஐ. பைப்பைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். செங்கல்பட்டுப் பக்கம் போனால் இரண்டு மூன்று அடியிலேயே பாறை தட்டுகிற இடங்கள் உண்டு.

சரி, நல்ல குழி, மின்தடை 10 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். கீசரின் உடலில் ஃபேஸ் பட்டுவிட்டது. மற்றத் தடைகளைக் கணக்கில் விட்டுவிட்டால் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்பியர் எர்த்துக்கு ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த அளவில் அது ட்ரிப் ஆக ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கீசர், குழாய் எல்லாவற்றிலும் கரன்ட் இருக்கும். யாராவது குளிக்கப் போனால்?

அதே வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்து, குழி மோசமாகி 100 ஓம் ஆகிவிட்டது என்றாலும் ஓடுவது 2.3 ஆம்பியர். 30 மில்லிஆம்பியரைப் போல் எழுபது மடங்குக்கு மேல். உடனே விழுந்துவிடும். எர்த்தே இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், ஆனால் கசிவுக்கு உங்களைத் தவிர வேறு வழி இல்லாததால், நீங்கள் ஷாக் வாங்கிய பிறகுதான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும்.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. தேசிய மின் விதித்தொகுப்பு 1985-இல் வெளிவந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2011-இலும் 2023-இலும் அதைத் திருத்தியது. வீட்டு வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்று தனித் தரங்கள் உண்டு. இவை வழிகாட்டிகள். சட்ட பலம் உள்ளவை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். 2010-இல் வந்தவற்றின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் உள்ளன. கசிவைத் துண்டிக்கும் கருவியை அவை கேட்கின்றன. தமிழ்நாட்டின் மின் விநியோக விதிகளும் வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. வேண்டும் என்கின்றன. ஆர்.சி.சி.பி. அந்த வகைதான்.

விதி இருக்கிறது. ஆனால் இணைப்புக் கொடுத்த பிறகு வீட்டுக்குள் வந்து யாரும் பார்ப்பதில்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது நம் பொறுப்பு.

இப்போது மழைக் கேள்விக்கு வருவோம். மழையில் ட்ரிப் ஆகிறது என்றால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கேயோ நனைகிறது. கேட் விளக்கு, காலிங் பெல், மொட்டை மாடி பாயின்ட், ஏ.சி. அவுட்டோர், போர் மோட்டார், இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட காற்று உப்பை வீட்டின் ஒவ்வொரு திறப்புக்குள்ளும் கொண்டுவந்து படியவிடும். வெயிலில் அது சும்மா கிடக்கும், ஈரம் பட்டால் கரன்ட் கடத்தும்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டால் மற்ற ஃபேன்கள் ஓடும், குழந்தையும் தூங்கும். ஒரு சிக்கல்: சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்காவது ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த முறையில் பிடிபடாது. அதற்கு எலக்ட்ரீஷியன் நியூட்ரல்களைத் தனித்தனியே கழற்றி, மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். 500 வோல்ட் ஒரு நிமிடம் கொடுத்தால் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ள அளவு. மெகர் என்றால் என்ன என்று கேட்பவரை அனுப்பிவிடுங்கள். கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்வெர்ட்டர் வைத்த பிறகு ஆர்.சி.சி.பி. நிற்கவே மாட்டேன் என்கிறது என்று சிலர் சொன்னார்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு தவறான இடத்தில் கலந்துவிட்டால் போன கரன்ட்டும் வந்த கரன்ட்டும் பொருந்தாது. பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கரன்ட் போனபின் இன்வெர்ட்டரில் ஓடும் லைனுக்கு, முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி. காவல் கிடைக்காமல் போகலாம். அதற்கென்று தனியாக ஒன்று போடுவது நல்லது.

ஆர்.சி.சி.பி. சர்வரோக நிவாரணி இல்லை. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் அதற்குத் தெரியாது. ஓவர்லோடும் தெரியாது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். அதன் உள் இயந்திரம் உப்புக் காற்றில் இறுகிப்போகவும் கூடும். அதனால்தான் அந்த 'டி' பொத்தான். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 2015-லும் 2023-லும் முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். தண்ணீர் சூழ்ந்த மீட்டர் போர்டை அணைக்க அதில் இறங்கி நடக்காதீர்கள், ஈ.பி.க்கு போன் செய்து வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், உரிமையாளர் செய்யமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்டார்கள். ஃபேஸும் நியூட்ரலும் வந்துசேரும் இடத்தில் ஒரு ஆர்.சி.சி.பி. போட, ஏற்கெனவே போர்டில் இடம் இருந்தால், சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேர வேலை. உரிமையாளருக்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் வேண்டுமென்றால் தருகிறோம்.

கடைசியாக நம் பொது மீட்டர். தண்ணீர் மோட்டார், பூங்கா விளக்கு, பொங்கலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் சீரியல் செட் மாட்டும் பாயின்ட், மூன்றும் அதில்தான் இருக்கின்றன. மோட்டார் லைனில் மட்டும் ஆர்.சி.சி.பி. உள்ளது. குழந்தைகள் விளையாடும் பூங்கா லைனில் இல்லை. எர்த் குழியைச் சோதிப்பதற்கும் சேர்த்து இரண்டு பேரிடம் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். வரும் நிர்வாகக் குழுவில் அதை வைக்கிறேன். மழைக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும்.