பெரிய எஞ்சினும் மலைச்சாலையும்



ஆடம்பரக் கார்களில் பொருத்தப்பெறும் பெரிய எஞ்சின்களின் வருங்காலம் யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். கோடீஸ்வரர்களின் கவலையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று நேயர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் குற்றமில்லை. ஆயினும் பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் எல்லையோரமாய் வாழும் நம்மவர்க்கு இப்பொருள் அத்துணை அயலானதன்று.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில், கொச்சியில் கூடிய தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஓர் ஆணை பிறப்பித்தது. 2000 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைக் கேரளத்தில் இனிப் பதிவு செய்தலாகாது. பொதுப் போக்குவரத்துக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் உரிய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அடுத்த மாதமே கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. தில்லியில் வாழும் அன்பர்களுக்கு இக்கதை புதியதன்று. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர வட்டாரத்தில் இத்தகைய தடையை விதித்ததும், 2016 ஆகஸ்டில் வண்டி விலையில் நூற்றுக்கு ஒன்று சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனையுடன் அதை நீக்கியதும் அவர்கள் அறிந்தவையே.

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். எஞ்சினின் உருளைகளுக்குள் பிஸ்டன்கள் ஏறியிறங்கும் இடத்தின் கொள்ளளவையே அது குறிக்கும். 2000 சி.சி. என்றால், இரண்டு லிட்டர் நீர் கொள்ளும் செம்பு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இனி, அந்தத் தடையின் வலையில் யார் யார் சிக்கினர் என்று பார்ப்போம். பெருஞ்செல்வரின் மூன்று லிட்டர் டீசல் கார் சிக்கியது, அது எதிர்பார்த்ததே. ஆனால் பி.எம்.டபிள்யூ. 520டி என்னும் ஆடம்பரக் காரின் எஞ்சின் 1995 சி.சி.; அது தப்பித்தது. போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் வகை வண்டிகளில் பலவற்றின் எஞ்சின் இரண்டரை லிட்டர். அவ்வகை வண்டி புதிதாய் வாங்கினால் சிக்கும்! செல்வரின் கார் நழுவிப் போக, கூலியாளின் ஜீப்பைப் பிடிக்கும் அளவுகோலை நல்ல அளவுகோல் என்று எவ்வாறு சொல்வது?

இத்தகைய அளவுகோல்கள் எஞ்சின்களின் உருவத்தையே மாற்றிவிடும் ஆற்றல் உடையவை. 1910ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் உருளையின் குறுக்களவைக் கொண்டு வரி விதித்தார்கள். எஞ்சின் செய்வோர் குறுக்களவைக் குறைத்து உயரத்தைக் கூட்டினார்கள். பல்லாண்டுக் காலம் ஆங்கிலேயக் கார்களின் எஞ்சின்கள் ஒடுங்கி நெடிதாய் அமைந்தமைக்கு வரித்துறையே காரணம். தில்லித் தடை வந்தவுடன் மஹிந்திரா நிறுவனம் இரண்டு லிட்டருக்கு ஒரு சிறிதே குறைந்த எஞ்சின் ஒன்றைக் கொணர்ந்ததும் அவ்வழியே. கேரளத்து வரி மிகுதி என்று புதுச்சேரி முகவரி காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்த செய்தி 2017இல் வெளிப்பட்டு வழக்குகளும் எழுந்தன. புதுச்சேரியில் பதிந்து கொச்சியில் ஓடிய அக்கார்களுள் எத்தனை அந்நகரின் கடற்கரையைக் கண்டனவோ, நாம் அறியோம்.

பெரிய எஞ்சினுக்கு அப்படி என்ன பெருமை? உருளை ஒவ்வொன்றும், எஞ்சின் இருமுறை சுழன்றால் ஒரு முறைதான் உந்து விசை தரும். நான்கு உருளை எனில் ஒரு சுழற்சிக்கு இரண்டு உந்துகள். பன்னிரண்டு எனில் ஆறு. ஓர் உந்து அடங்குமுன் மறு உந்து வந்து சேர்வதால் அதிர்வு தோன்றுவதில்லை. மெல்லச் சுழலும் போதே வலிமை மிகுதியாகக் கிடைப்பதால் எஞ்சின் இரைய வேண்டியதும் இல்லை. ஆகவே ஆடம்பரக் கார் வாங்குவோர் கொடுத்த விலை வேகத்துக்கு மட்டுமன்று, அமைதிக்கும் சேர்த்துத்தான்.

அந்த அமைதியைத்தான் மின்சார மோட்டார் இப்போது எளிதாகத் தந்துவிடுகிறது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தனது முதல் மின்சாரக் காரை 2023இல் வெளிக்கொணர்ந்தது. பென்ட்லி நிறுவனம் 1959 முதல் செய்துவந்த எட்டு உருளை எஞ்சினை 2020இலும், பன்னிரண்டு உருளை எஞ்சினை 2024இலும் நிறுத்திவிட்டது. மெர்சிடிஸ் நிறுவனம் 2022இல் நான்கு உருளையும் மின்மோட்டாரும் இணைத்து, முன்னிருந்த எட்டு உருளைக் காரினும் மிக்க திறன் பெற்றது. ஆயினும் பழைய முழக்கத்தைக் காணோமே என்று வாங்குவோர் பலர் குறைப்பட்டனர். திறன் வந்தும் மனம் நிறையவில்லை! பெரிய எஞ்சின் முற்றும் அழிந்துவிடும் என்று நாம் கருதவில்லை. குதிரை வண்டி போன பின்னும் பந்தயக் குதிரை இருக்கிறதன்றோ? அதுபோல ஒரு சிலரின் கொட்டிலில் அது இருக்கும்.

இனி மலைக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய சமதளம். வாளையாறு தாண்டிய நெடுஞ்சாலையில் எந்த எஞ்சினும் வழுக்கிக்கொண்டு போகும். கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வாழும் நம்மவர்க்குப் பெரிய எஞ்சின் வேடிக்கைப் பொருளே. இடுக்கியின் நிலை வேறு. விடியுமுன்னரே தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களும் ஆண்களும் ஜீப்புகளில் ஏறிச் செல்கின்றனர். மாலையில் அவ்வாறே இறங்குகின்றனர். இருக்கைக்கு மேற்பட்டு ஆள் ஏற்றுவதும், மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகளில் விரைவதும் உயிருக்கே உலையாய் முடிந்த நாட்கள் உண்டு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமோ தமிழ்நாட்டு எல்லைக்குள் 7000 அடிக்கு மேல் இருந்தும், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் அதனை அடையலாகும்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. மூணாற்றின் உயரமாகிய ஏறத்தாழ 1500 மீட்டரில், கடல்மட்டத்தைக் காட்டிலும் ஏழில் ஒரு பங்கு காற்று அடர்த்தி குறைவு. காற்று குறைந்தால் எரிபொருள் எரிவதும் குறையும், எஞ்சின் இளைக்கும். பழைய ஜீப்புக்குப் பெரிய எஞ்சின் வேண்டியிருந்தது இதனாலேயே. ஆடம்பரம் என்ற பேச்சே அங்கில்லை. காற்றை அழுத்திப் புகட்டும் டர்போ கருவி வந்த பின் நிலைமை மாறியது. பொலேரோ வண்டியின் 2523 சி.சி. எஞ்சின் 63 குதிரைத் திறன் தந்தது. 2016இல் வந்த 1493 சி.சி. எஞ்சின் 70 தந்தது. ஐரோப்பியச் செல்வரின் காருக்கு நேர்ந்த அதே சுருக்கம் நம் மலையோர வண்டிக்கும் நேர்ந்துவிட்டது. யாரும் அதற்காகக் கண்ணீர் விடவில்லை.

மின்மோட்டாருக்கோ காற்றே வேண்டா. மேலும் ஒரு கணக்கு: இரண்டு டன் வண்டி ஆயிரம் மீட்டர் உயர்வதற்கு, அவ்வுயரத்துக்கு மட்டும், ஏறத்தாழ ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் செலவாகிறது. டீசல் வண்டி இறங்கும்போது அந்த ஆற்றலைப் பிரேக்கின் சூடாக்கி வீணடிக்கும். மின்வண்டி அதில் நல்லதொரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பிக்கொள்ளும். மின்சாரமும் அம்மலையின் விளைபொருளே. மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940 முதல் நீர்மின்சாரம் உண்டு. இடுக்கி அணையின் நீரைக் கொண்டு மூலமற்றத்தில் 780 மெகாவாட் நிலையம் இயங்குகிறது.

தடையாய் நிற்பது விலை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடும், சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும், மின்வண்டிகளுக்கு 5 விழுக்காடும் சரக்கு, சேவை வரி விதிக்கப்படுகிறது. ஏழு கோடி ரூபாய் மின்காரும் ஐந்து விழுக்காட்டிலேயே அடங்கும். எட்டுப் பேரைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் பெரிய டீசல் வண்டியோ அதனினும் உயர்ந்த வரியில் நிற்கும். எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து வரி விதிப்பதைக் காட்டிலும், வண்டி யாரை ஏற்றுகிறது, எத்தனை பேரை ஏற்றுகிறது என்று பார்த்து விதிப்பது முறை என்பது நம் கருத்து. ஏழு பேர் அமரும் மின்வண்டிகள் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றின் விலை, கைமாறிய பழைய ஜீப்பைக் கடன் வாங்கி ஓட்டும் போடிநாயக்கனூர் ஓட்டுநருக்கு இன்னும் எட்டவில்லை.